பல்லு முரசு எரியுறவைக்கு ஒரு ரூத் பிறஷ்: கியூராப்ரொக்ஸ் சிஎஸ் 5460, ஒரு வருசம் பாவிச்ச பிறகு எழுதுறன்

சுவிஸில இருக்கிற என்ர பெறாமகள் போன வருசம் சித்திரை வருசப்பிறப்புக்கு வந்தவ. சொக்லேட், சோப்பு, சென்ற் எண்டு எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்திட்டுக் கடைசியா ஒரு சின்னப் பெட்டியை என்ர கையில தந்து, "சின்னம்மா, இதை மட்டும் ஒருதருக்கும் தூக்கிக் குடுத்திடாதேங்கோ, இது உங்கட முரசுக்கு" எண்டு சொன்னவ. திறந்து பாத்தா மூண்டு ரூத் பிறஷ். கியூராப்ரொக்ஸ், சிஎஸ் 5460. அந்த 5460 மொடல் நம்பர் எண்டுதான் நான் நினைச்சனான், பேந்துதான் விளங்கினது அது பிறஷ் தலையில இருக்கிற நூலின்ர எண்ணிக்கையாம், ஒவ்வொரு நூலும் 0.1 மில்லிமீற்றர் மொத்தம். நான் விசுவமடுவில தையல் கடை வைச்சிருக்கிறன், 25 வருசமா மிஷினுக்கு முன்னாலதான் இருப்பு, நூலை விரலில உருட்டிப் பாத்தே மொத்தம் மெல்லிசு சொல்லிப்போடுவன். இந்தப் பிறஷை புறங்கையில தேச்சுப் பாத்தன், வெல்வெட் துணியை எதிர்ப்பக்கமாத் தடவின மாதிரிக் கிடந்தது. இதால எப்பிடிப் பல்லில ஊத்தை போகும் எண்டு அண்டைக்கு எனக்கு நம்பிக்கை வரேல்லை.

இப்ப ஒரு வருசம் தாண்டிட்டுது, மூண்டு பிறஷும் தேஞ்சு முடிஞ்சுது. இதை எழுதுறதுக்குக் காரணம், என்னைப் போல முரசு எரிஞ்சு, மினுக்கப் பயந்து, மினுக்காமல் விட்டே பல்லைப் பறிகுடுத்துக்கொண்டிருக்கிற ஆக்கள் இஞ்சை வன்னியில எத்தினையோ பேர் இருப்பினம், அவைக்கு இந்த வருத்தத்தின்ர பேர்கூடத் தெரியாமல் இருக்கும். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

எனக்கு வந்தது ஓரல் லைக்கன் பிளேனஸ் எண்டுற வாய்த்தோல் வருத்தம். நாலு வருசத்துக்கு முன்னம் துவங்கினது. கீழ் முன்பல்லுப் பக்க முரசு செக்கச்செவேலெண்டு சிவந்து, மினுமினுத்து, மேல்தோல் உரிஞ்ச மாதிரி. முதல் கட்டைச் சம்பலை விட்டன், பேந்து மீன் குழம்பை விட்டன், கடைசியில ரசம் ஒரு கரண்டி வாயில வைச்சாலே கண்ணால தண்ணி வரும், வெறும் சொதியும் இடியப்பமும்தான் சாப்பாடு. கண்ணாடியில பாத்தா ரெண்டு கன்னத்தின்ர உள்பக்கமும் வெள்ளை வெள்ளையாக் கோடு, கலியாணச் சட்டைக்கு லேஸ் வைக்கிறமே, அந்த லேஸை அப்பிடியே ஒட்டிவிட்ட மாதிரி. அந்தக் கோட்டைப் பற்றி 1895இல விக்கம் எண்ட பிரான்ஸ் டொக்டர் ஒராள் எழுதி, இண்டைக்கும் அவரின்ர பேராலதான் அதைச் சொல்லுறவையாம். எனக்கு அப்ப இதொண்டும் தெரியாது, புற்றுநோய் எண்டு நானா முடிவெடுத்து ராத்திரி ராத்திரி நித்திரை இல்லாமல் கிடந்தன்.

முதல் காட்டின இடத்தில (பேர் வேண்டாம்) முரசு வருத்தம் எண்டு சொல்லி அன்ரிபயோட்டிக்கும் விற்றமினும் தந்தவை, நல்லா அழுத்தி மினுக்கச் சொன்னவை. நானும் கடையில கடினமான பிறஷாப் பாத்து வாங்கி, கராம்பு எண்ணெய் போட்ட பேஸ்ட் போட்டு, அது காணாதெண்டு உப்பும் உமிக்கரியும் சேத்து அழுத்தி அழுத்தித் தேச்சன். துப்பினா வாஷ் பேசின் முழுக்க ரத்தம். ரெண்டாம் தரமும் போய் அன்ரிபயோட்டிக் போட்டன், ஒரு மாற்றமும் இல்லை. லைக்கன் எண்டுறது கிருமியால வாற வருத்தமில்லை, அப்ப அன்ரிபயோட்டிக் என்னத்தைச் செய்யும்?

அதோட வெறுத்துப்போய் முன்பல்லுப் பக்கம் பிறஷ் வைக்கிறதையே விட்டிட்டன். உப்புத் தண்ணியால கொப்பளிக்கிறது, அவ்வளவுதான். எட்டு மாசம். எரிவு கொஞ்சம் குறைஞ்ச மாதிரியும் இருந்தது, அதாலை நான் செய்யிறது சரியெண்டே நினைச்சன். பல்லுக்குப் பின்னால நாக்கு வைச்சா சொரசொரவெண்டு கிடக்கும், பிறகு வாய் மணக்கத் துவங்கிச்சுது, ஆக்களோட கதைக்கேக்க கையால வாயை மூடிக் கதைப்பன், அளவெடுக்க வாற பிள்ளையளுக்குக் கிட்டப் போகவே கூச்சம். ஒருநாள் பாண் கடிக்கேக்க கீழ் முன்பல்லு ஒண்டு அசைஞ்சுது. அண்டைக்குத்தான் மகள் பிடிச்ச பிடியில பஸ் ஏத்திப் பரந்தன் வந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது, அங்கையிருந்து கடிதம் தந்து யாழ்ப்பாணம் போதனா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவை.

அங்கை கன்னத்தின்ர உள்பக்கத்தில விறைக்க ஊசி போட்டு ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்து ஒரு தையலும் போட்டுவிட்டினம். (தையல் எண்டதும் எனக்கு ஏனோ பயமே போட்டுது.) பயொப்சி ஏன் தேவையெண்டா, முரசு இப்பிடிச் சிவந்து உரியுறது லைக்கனில மட்டுமில்லை, பெம்பிகொயிட், பெம்பிகஸ் எண்டு வேற வருத்தங்களிலயும் இப்பிடியேதான் இருக்குமாம், கண்ணால பாத்துப் பிரிச்சுச் சொல்ல ஏலாது, மருந்தும் வேற வேற. கிளினிக் கொப்பியில டெஸ்குவாமேட்டிவ் ஜிஞ்சிவைட்டிஸ் எண்டு எழுதியிருந்தது, அது வருத்தத்தின்ர பேரில்லை, முரசு உரியுற அந்தக் கோலத்தின்ர பேர்தானாம்.

ரிப்போட் வந்த அண்டைக்கு அந்த டொக்டர் பிள்ளை சொன்னதை நான் இன்னும் மறக்கேல்லை. "அம்மா, உங்களுக்கு ஒரே முரசில ரெண்டு வருத்தம் இருக்கு. லைக்கன் ஊத்தையால வந்ததில்லை, உங்கட ரத்தத்தில இருக்கிற வெள்ளை அணுக்களே உங்கட தோலின்ர அடி அடுக்கை எதிரி எண்டு நினைச்சுத் தாக்குது, நீங்கள் எவ்வளவு வடிவா மினுக்கியிருந்தாலும் அது வந்திருக்கலாம். ஆனா பல்லு ஆடுறது அதால இல்லை. எரியுதெண்டு நீங்கள் மினுக்காமல் விட்டதால ஊத்தை இறுகிக் கல்லாகி முரசுக்குக் கீழ இறங்கிட்டுது, அங்கை பக்டீரியா இருந்து பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பைக் கரைக்குது. அந்தக் கல்லு முரசில உரச உரச லைக்கனும் கூடும். கூடக் கூட நீங்கள் மினுக்கப் பயப்பிடுவீங்கள்." நான் கேட்டன், "அப்ப டொக்டர், எரியேக்கயும் மினுக்கத்தான் வேணுமோ?" "மினுக்கத்தான் வேணும் அம்மா, ஆனா நீங்கள் மினுக்கின மாதிரி இல்லை."

அதுவரைக்கும் ஒருதரும் எனக்கு இதைச் சொல்லேல்லை. முரசு வருத்தம் வேற, லைக்கன் வேற, ஆனா ஒண்டு மற்றதுக்குத் தீனி போடும்.

பிறகு என்ர மேல் முன்பல்லைப் பாத்திட்டு "நூலைப் பல்லால கடிக்கிறனீங்களோ?" எண்டு கேட்டவ. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. பல்லு நுனியில ஒரு சின்ன வெட்டு இருக்கு, நான் அதைக் கவனிச்சதே இல்லை. லைக்கன் அடிபடுற, உரசுற இடத்தில தலை தூக்குமாம், நூலைக் கடிச்சு இழுக்கேக்க கீழ் முரசில உரசும்தானே. அண்டைக்குப் பின்னேரமே மிஷின் மேசையில ஒரு சின்னக் கத்திரிக்கோலை நாடாவில கட்டித் தொங்கவிட்டன். 25 வருசப் பழக்கம், முதல் மாசம் கை தன்ர பாட்டில வாய்க்குப் போகும், பக்கத்தில தையல் பழகுற பிள்ளை "அன்ரி!" எண்டு சத்தம் போடும்.

முரசுக்கும் பல்லுக்கும் நடுவில அளவு கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாத்தவை. 3 மில்லிமீற்றர் வரைக்கும் பரவாயில்லையாம், எனக்குக் கீழ் முன்பல்லுகளில 5, 6 எண்டு சொல்லச் சொல்ல மிஸ் எழுதினவ. 2009இல மனிக் பாம் அகதி முகாமில இருந்த காலத்தில ஒரு பிறஷ் கிடைச்சா அதை எத்தினை மாசம் வைச்சிருந்தமெண்டு கணக்கே இல்லை, உயிரோட இருக்கிறமெண்டதே பெரிசா இருந்த நேரத்தில பல்லை ஆர் யோசிச்சது, அதாலை பழைய பழுதும் இருந்திருக்கும். ரெண்டு தரம் விறைக்கப் பண்ணி முரசுக்குக் கீழ வரைக்கும் கல்லை எடுத்து விட்டினம். கரைஞ்ச எலும்பு திரும்ப வளராது எண்டும் சொல்லிப்போட்டினம், இருக்கிறதைக் காப்பாத்துறதுதான் வேலை.

இனி பிறஷுக்கு வாறன். இந்தப் பிறஷின்ர பிடி உருண்டை இல்லை, பென்சில் மாதிரிப் பட்டை பட்டையா எட்டுப் பக்கம். அது வடிவுக்கு எண்டுதான் நினைச்சன், ஆனா மினுக்கேக்க அந்தப் பட்டையில பெருவிரலை வைச்சா நூல் முரசுக்கு 45 பாகை சரிவில தானா வந்து நிக்குது. தலை சின்னன், கீழ் முன்பல்லின்ர உள்பக்கம் எண்டு ஒரு இடம் இருக்கே, பெரிய பிறஷ் ஒண்டும் போகாத இடம், கல்லு முதல் கட்டுற இடமும் அதுதான், அதுக்குள்ள நிமிர்த்திப் பிடிச்சா இது வடிவாப் போகுது. நான் பிடிக்கிறது முழுக் கையால இல்லை, மூண்டு விரலால, துணியில சோக்கால கோடு போடுறமே அந்தப் பிடி. முழுக் கையால பிடிச்சா தன்னை அறியாமல் அழுத்தம் வந்திடும். நூல் நுனியை முரசும் பல்லும் சேருற கரையில வைச்சு, இடத்தை விட்டு இழுக்காமல் சின்னச் சின்னதா ஆட்டுறது, ரெண்டு பல்லுக்குப் பத்துத் தரம், பிறகு அடுத்த ரெண்டு பல்லு. நோகாத பின்பல்லில துவங்கி நோகிற முன்பல்லைக் கடைசிக்கு விடுவன், அதுக்குள்ள வாய் பழகியிடும்.

முதல் கிழமை எரிஞ்சுது, பொய் சொல்லேல்லை. நுரை ரோசாப்பூ நிறத்தில வந்தது. விட்டிடுவமோ எண்டு யோசிச்சு மகளிட்டச் சொல்ல அவள் "அம்மா, ரெண்டு கிழமை பாருங்கோ" எண்டு பக்கத்தில நிண்டே மினுக்க வைச்சவள், சின்னனில நான் அவளுக்குச் செய்த வேலையை அவள் எனக்குச் செய்தவள். மூண்டாம் கிழமை நுரை வெள்ளை. ரெண்டு மாசத்தில வாய் மணம் இல்லை. மூண்டு மாசத்தில கரையில இருந்த வீக்கம் வத்தி, சிவப்பு ஒரு பட்டையாச் சுருங்கிச்சுது. சிவப்பு முழுக்கப் போகேல்லை, போகவும் மாட்டாதாம், லைக்கன் எண்டுறது கூடும் குறையும், வருசக்கணக்கா இருக்கும். ஆனா ஊத்தையால வந்த சிவப்பு போனாப் பிறகுதான் லைக்கனின்ர சிவப்பு எவ்வளவு எண்டு டொக்டருக்கே சரியாத் தெரிஞ்சுது.

இந்தப் பிறஷ் நனைஞ்சாலும் நூல் தொளதொளவெண்டு போகாது, ஒவ்வொண்டும் எனக்கு நாலு மாசம் போனது. தேத்தண்ணிக் கறை, வெத்திலைக் காவி போகுமெண்டு ஒருதரும் வாங்காதேங்கோ, இது அந்த வேலைக்குச் செய்ததில்லை. கிளிநொச்சியில நான் கேட்ட பார்மசிகளில இது இல்லை, வெளிநாட்டில சொந்தம் இருந்தா சொக்லேட்டுக்குப் பதிலா இதைச் சொல்லிவிடுங்கோ. இல்லாட்டியும் கவலையில்லை, எக்ஸ்ட்ரா சொஃப்ட் எண்டு போட்ட சின்னத் தலைப் பிறஷ் இஞ்சையே எடுக்கலாம், நான் ஒண்டு வாங்கிப் பயணம் போகேக்கப் பாவிக்கிறன், இவ்வளவு பஞ்சு மாதிரி இல்லையெண்டாலும் வேலை செய்யுது. வெறும் சொஃப்ட் எண்டு எழுதினதை நம்பிப் போடாதேங்கோ, அதிலயும் சிலது தும்புத்தடி மாதிரித்தான்.

பிறஷ் அளவுக்கு முக்கியம் பேஸ்ட். எனக்கு எரிஞ்சதில பாதி பேஸ்ட்டால எண்டு மாத்தினாப் பிறகுதான் தெரிஞ்சுது. கொம்பனிப் பேர் சொல்லேல்லை, ஏனெண்டா ஒரே கொம்பனி ஒரே பேரில நாலைஞ்சு விதம் விடுது, பெட்டிக்குப் பின்னால இருக்கிற பொடி எழுத்தைப் பாக்கவேணும். சோடியம் லோரில் சல்பேட் எண்டு இருந்தா வைச்சிட்டு வாங்கோ, அதுதான் நுரையை அள்ளித் தாறது, உரிஞ்ச தோலுக்கு அது ஆகாது. கராம்பு, கறுவா, சுள்ளெண்டு இழுக்கிற மின்ற் இதுகளும் வேண்டாம், கறுவா வாசத்துக்குப் போடுற சாமானாலயே சிலருக்கு லைக்கன் மாதிரி வாய்க்குள்ள வருமாம். வெள்ளையாக்கிற பேஸ்ட், பற்பொடி, உமிக்கரி எல்லாம் இந்த முரசுக்கு மண்கடதாசி. புளோரைட் மட்டும் கட்டாயம் இருக்கவேணும், வளந்த ஆக்களுக்கு 1000 பிபிஎம்முக்கு (ppm) மேல, 1450 எண்டு பெட்டியில போட்டிருக்கும். எரியாதெண்டு சின்னப்பிள்ளையளின்ர பேஸ்ட்டை எடுக்கிறதெண்டாலும் இந்த நம்பரைப் பாருங்கோ, சிலதில 500தான் இருக்கு. நுரை வராத பேஸ்ட்டில முதல் மினுக்கின மாதிரியே இருக்காது, ஒரு பத்து நாளில பழகியிடும்.

பல்லிடுக்குப் பிறஷ் பற்றி எனக்குப் பாதி மனசு. கல்லெடுத்தாப் பிறகு முன்பல்லுகளுக்கு நடுவில இடைவெளி வந்திட்டுது, அதுக்குள்ள சோறு நிக்கும், அதுக்கு இது நல்லம். ஆனா முரசு உரிஞ்சு கிடக்கிற நேரத்தில நான் அவசரப்பட்டு விட்டுக் குத்திப் புண்ணாக்கினனான். மருந்து ஒரு மாசம் பாவிச்சு முரசு கொஞ்சம் ஆறினாப் பிறகு, ஆக மெல்லிய சைசில, தள்ளாமல் போற இடத்தில மட்டும் விடுறதுதான் சரி. இறுக்கமான இடத்தில தள்ளவே கூடாது.

வாய் கழுவுற மருந்தில குளோர்ஹெக்சிடின் 0.2 வீதம், அல்ககோல் இல்லாதது எண்டு கேட்டு வாங்கினனான், கல்லெடுத்த ரெண்டு கிழமைக்கு மட்டும். மினுக்கி அரைமணித்தியாலம் விட்டுத்தான் பாவிக்கவேணும், பேஸ்ட்டோட சேந்தா வேலை குறையும். நீளத்துக்குப் பாவிச்சா பல்லு மண்ணிறமாகும்.

பிறஷ் லைக்கனை மாத்தாது எண்டதையும் சொல்லவேணும். எனக்குத் தந்தது ஸ்ரீரொயிட் மாத்திரையைத் தண்ணியில கரைச்சு வாயில வைச்சு அலசித் துப்புறது, விழுங்கக்கூடாது, முடிஞ்சு அரைமணித்தியாலம் ஒண்டும் சாப்பிடக்கூடாது. அதால வாயில பங்கசு வரலாம், எனக்கும் ஒருக்கா வெள்ளையாப் படிஞ்சு வேற மருந்து தந்தவை, அதாலை ஆரும் தங்கட பாட்டில பார்மசியில வாங்கிப் போடாதேங்கோ. பிறஷருக்கு, நாரி நோவுக்குப் போடுற சில மாத்திரையளாலயும் இதே மாதிரி வரலாமாம், என்ர பிறஷர் மாத்திரையின்ர பேரையும் கேட்டு எழுதினவை, ஆனா அதைக் கேட்டுப்போட்டு நீங்களா மாத்திரையை நிப்பாட்டக்கூடாது. சீனி வருத்தம் இருக்கிறவைக்கு முரசு இன்னும் கெதியாப் பழுதாகும், அதையும் ஒருக்காப் பாக்கவேணும்.

புற்றுநோய்ப் பயத்துக்கு டொக்டர் சொன்னது, நூறு பேரில ஏறக்குறைய ஒராளுக்கு வருசங்கள் போக மாறலாம், அதாலைதான் எரியாட்டியும் கிளினிக்குக்குத் தவறாமல் வரச் சொல்லுறது. வெத்திலை, புகையிலை போடுற ஆக்கள் இந்த வருத்தத்தோட அதைத் தொடவே கூடாது. எங்கட சனம் வெத்திலைத் தட்டம் இல்லாமல் ஒரு விசேசமும் செய்யாது, எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லுறன்.

இன்னொண்டு, இது தொத்தாது. எனக்கு இதை ஆரும் முன்னமே சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். ரெண்டு வருசம் என்ர கோப்பையை வேறயா வைச்சு, பேரப்பிள்ளையைக் கிட்ட எடுத்துக் கொஞ்சாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தன். அந்த ரெண்டு வருசத்தை நினைச்சா இப்பவும் நெஞ்சு கனக்குது.

போன மாசம் கிளினிக்கில திரும்பக் கம்பி விட்டுப் பாத்தவை, 6 இருந்த இடம் 4, 5 இருந்த இடம் எல்லாம் 3. ஆடின பல்லு இன்னும் என்ர வாயிலதான் இருக்கு, கொஞ்சம் ஆடுதுதான், ஆனா அதாலதான் இண்டைக்குக் காலமை பாண் கடிச்சனான். பிறஷுக்கு என்ர கணக்கில அஞ்சுக்கு அஞ்சு. பெறாமகளுக்கு இன்னும் ஆறு கொண்டுவரச் சொல்லி விட்டிருக்கிறன், அதில ரெண்டு கடைக்குச் சட்டை தைக்க வாற ஒரு அக்காவுக்கு, அவவும் கதைக்கேக்க கையால வாயை மூடுறவ, போன கிழமைதான் கடிதம் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போட்டு வந்தவ.